நிக்கல் பூசிய ஊதல்

நான் கடலைப் பார்த்தது ஒரு தடவைதான். மாமனாரின் காரியம் முடித்து ராமேசுவரம் போனபோது. கப்பலில் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் என் வீட்டு பீரோவில், வேட்டிகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய கப்பல் ஊதல்கள் இருக்கின்றன. இதை வெளியில் சொல்ல எனக்குக் கூச்சம். என் வீட்டுக்காரிக்குக் கூச்சமே கிடையாது. வருகிறவர்களிடம் எல்லாம், "எங்கூட்டுக்காரரு பீப்பி சேக்குறாருங்க" என்று சொல்லிவிடுவாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு பாகங்கள் செய்யும் பட்டறையில் எனக்குப் பாலிஷ் போடுகிற வேலை. மோட்டாரில் துணிச்சக்கரம் சுற்றும். அதில் பித்தளையையோ எஃகையோ அழுத்திப் பிடித்தால் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு வந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு இந்தச் சக்கரம்தான் சோறு போட்டது. பக்கத்திலேயே பித்தளை உருக்கி வார்க்கிற ஃபவுண்டரி. உடைத்த கப்பல்களின் பித்தளை அங்கே மூட்டையாக வந்து இறங்கும். ஜன்னல் வளையம், விளக்கு மூடி, கதவுக் கைப்பிடி என்று ஏதேதோ இருக்கும். அப்படி ஒரு குவியலில்தான் முதல் ஊதல் என் கண்ணில் பட்டது.

அது ஊதல் என்றே அப்போது தெரியாது. விரலைவிடக் கொஞ்சம் நீளமான மெல்லிய குழாய், நுனியில் லேசாக வளைந்திருந்தது. வளைவின் முனையில் அரைநெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை, அதன் தலையில் ஒரு துளை. குழாய்க்கு அடியில் பட்டையாக ஒரு தகடு, தகட்டில் ஒரு வளையம். மேஸ்திரியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கன்னுக்குட்டிக்கு மருந்து ஊத்துற கொழாயிங்க, எங்கப்பன் காலத்துல மூங்கில்ல இருந்துச்சு" என்றார். மேஸ்திரி, வெள்ளைக்காரன் புகை பிடிக்கிற குழாய் என்றார். என் வீட்டுக்காரி, "வெளக்கெண்ணெய் ஊத்த அளவா இருக்குது, உங்க வயித்துக்கே ஊத்திப் பாக்கலாம்" என்றாள். ஒருநாள் உள்ளே அடைத்திருந்த மண்ணை வெளியேற்ற வாயில் வைத்து ஊதினேன். வீட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ரோட்டைத் தாண்டி ஓடியது. அவ்வளவு கூர்மையான சத்தம்.

அப்புறம் போனில் எழுதித் தேட வராமல், அதனிடம் வாயால் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கப்பலின் மேல்தளத்து ஆட்களை வேலை வாங்குகிற தலைவருக்குப் போசன் என்று பெயர். காற்றிலும் அலையிலும் மனிதக் குரல் எட்டாது என்பதால் அவர் இந்த ஊதலால் கட்டளை கொடுப்பார். சாப்பாட்டுக்கு ஒரு ஊதல், கயிறு இழுக்க ஒரு ஊதல், பெரிய அதிகாரி கப்பலில் ஏறினால் ஒரு ஊதல். உருண்டைக்கு மேல் விரல்களை மூடினால் சத்தம் உச்சிக்கு ஏறும், திறந்தால் கீழே இறங்கும். குழாயைப் பீரங்கி என்றும் உருண்டையை மிதவை என்றும் கப்பல்காரர்கள் சொல்வார்களாம். ஒரு சின்னப் பொருளுக்குள் இத்தனை இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளைச் சுற்ற ஆரம்பித்தேன்.

இதில் போலிதான் அதிகம். ஷோகேஸில் வைக்கச் செய்து, மேலே ஒரு கிரீடமும் ஏதோ ஒரு பழைய வருஷமும் அடித்து, தோல் உறையில் போட்டு விற்பார்கள். அது ஒரே வார்ப்பாக இருக்கும், கனக்கும், ஊதினால் காற்றுதான் வரும். நிஜ ஊதலின் உருண்டை இரண்டு கிண்ணங்களைச் சேர்த்துப் பற்றவைத்ததாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. ஊதலை வாங்கிய போசன் அதை அப்படியே பயன்படுத்த மாட்டார். குழாயின் வாயைக் கொஞ்சம் நசுக்குவார், துளையின் ஓரத்தை அரத்தால் கூராக்குவார், இடுக்கில் மெழுகு வைப்பார். தன் மூச்சுக்குத் தகுந்தபடி ஆக்கிக்கொள்வார். அதனால் ஒரு ஊதல் இன்னொன்றைப் போல இருக்காது. நானும் இரண்டு போலிகளை வாங்கி ஏமாந்த பிறகுதான் இதெல்லாம் கைக்குப் பழகியது.

போன மழைக்காலத்தில் ஒரு போன் வந்தது. உக்கடத்துக் கடைக்காரர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். பேசியது வயதான ஒரு அம்மா. புது ஆள் குரல் கேட்டதும் நான் போனை என் வீட்டுக்காரியிடம் நீட்டிவிட்டேன். அவள் "சொல்லுங்கம்மா" என்று ஆரம்பித்து, அரிசி ஊறப்போட்டதையே மறந்து பேசிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் போறோம். பாவம் அந்தம்மா, பெரிய வெசனத்துல இருக்குது" என்றாள்.

வீடு புலியகுளத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. காலைப் பூசை முடிந்து வெள்ளைச் சேலையோடு அந்த அம்மா வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே கட்டிலில் பெரியவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடற்படையில் போசனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கண்கள் மட்டும் நம்மைப் பார்க்கின்றனவா, நமக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கின்றனவா என்று சொல்ல முடியாதபடி இருந்தன.

அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து யாரையும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிறது இல்லீங்க. என்ற மகன் பெங்களூருல இருக்கான். ஒரே பையன். இவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இவரோட பழைய ஊதலைக் கொண்டுபோயி நிக்கல் போட்டு, வெல்வெட்டுப் பெட்டியில வெச்சு எடுத்துட்டு வந்தான். அப்பா கண்ணு முழிச்சதும் பாத்துச் சந்தோசப்படட்டும்னு. அதை இவரு வாங்கினாருங்க. வாய்கிட்டக் கொண்டுபோனாரு. அப்பறம் அப்பிடியே வீசி எறிஞ்சுட்டாரு. மறுக்கா குடுத்தோம், மறுக்கா எறிஞ்சாரு."

என் வீட்டுக்காரி "அச்சோ" என்றாள்.

"சொந்த ஊதலே தெரியலை, இனி நம்மளை எங்கம்மா தெரியப்போகுதுன்னு மகன் சொல்றான். எனக்கும் இவரைத் தூக்கி உக்கார வெக்கத் தெம்பு இல்லைங்க. அதனால பெங்களூருல ஒரு ஹோம்ல சேத்திரலாங்குறான். அவருக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதானேம்மாங்குறான். அவன் மேல தப்புச் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிறு வாரான், பேசி முடிவு பண்ணிரலாம்னு." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தம்பி, இந்த மனுசனோட இத்தனை வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன். இவரு ஒண்ணை வேண்டாங்குறாருன்னா அதுக்குக் காரணம் இருக்கும். பாலிஷ் கடையில ஊதலை மாத்திப்போட்டுட்டாங்களோன்னு எனக்குச் சந்தேகம். நீங்க பாத்துச் சொல்லுங்க. இது நெசமானதா?"

எங்கள் பக்கத்தில் ஒரு பொருளின் மேல் பிரியம் என்றால் அதைப் பளபளப்பாக்கிவிடுவோம். தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியாக இருந்தாலும் முதல் பைக்கின் சைலன்சராக இருந்தாலும் பாலிஷ் கடைக்குத்தான் போகும். அந்த மகன் செய்ததும் அதுதான். பெட்டியைத் திறந்ததும் ஊதல் கண்ணைக் கூசவைத்தது. கறை இல்லை, கீறல் இல்லை, முத்திரை இல்லை. கையில் எடுத்தேன், கனமாகத் தெரிந்தது. அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மெதுவாக ஊதினேன். புஸ் என்று காற்று மட்டும் வந்தது. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஷோவுக்கு வெக்கிறதுங்கம்மா" என்றேன்.

அவர் முகம் விரிந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கட்டிலுக்குப் போய்ப் பெரியவரின் கன்னத்தைத் தட்டினார். "கேட்டீங்களா? நீங்க சொன்னதுதான் சரியாம்! அது உங்களோடது இல்லையாம்!" அப்போதே மகனுக்குப் போன் போட்டு, "மாத்திட்டாங்கடா, கடைக்காரன் மாத்திட்டான், உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு!" என்றார். அந்தப் பக்கத்தில் மகன் சூடாகிவிட்டார். வரும்போது அந்தக் கடைக்காரனை நேரில் போய்க் கேட்கிறேன் என்று சொன்னது எங்களுக்கே கேட்டது. கிளம்பும்போது அந்த அம்மா பெட்டியை என் கையில் திணித்தார். "எங்களுக்கு எதுக்குங்க இது. உங்க பொம்மைகளோட வெச்சுக்குங்க."

பஸ்ஸில் என் வீட்டுக்காரி, "மொதத் தடவையா உங்க பீப்பியால ஒரு நல்ல காரியம் நடந்திருக்குது" என்றாள். துடியலூர் வரைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்தே இருந்தது.

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு வேளையில், வெளிச்சத்தில் வைத்து அதை மறுபடி பார்த்தேன். சும்மாதான் பார்த்தேன். போலியாகவே இருந்தாலும் பாலிஷ் எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பார்க்கிற தொழில் புத்தி. துளைக்குள் டார்ச் அடித்தபோது உருண்டையின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு கோடு தெரிந்தது. இரண்டு கிண்ணங்களைப் பற்றவைத்த கோடு. சக்கரமும் நிக்கலும் எட்டாத இடம் அது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். வளையத்தை நகத்தால் தடவினேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாக இருந்தது. சங்கிலி உரசி உரசி ஆகிற பள்ளம். அதன் மேலேயே நிக்கல் ஏறியிருந்ததால் முந்தின நாள் கண்ணுக்குத் தெரியவில்லை. குழாயின் வாய் மேலிருந்து கீழாக இம்மி நசுங்கியிருந்தது. கனம் என்று நான் நினைத்தது, பளபளப்பைப் பார்த்ததும் போலி என்று முடிவு கட்டிய என் கையின் நினைப்பு.

யாரும் எதையும் மாற்றவில்லை. அது அந்தப் பெரியவரின் ஊதலேதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அப்ப அந்தப் பெரியவருக்குத் தெரியலைன்னுதானுங்களே ஆச்சு?"

"அப்பிடித்தான் ஆகுது."

"சொல்லாம உட்ருங்க மாமா. அந்தம்மா இப்பத்தான் நிம்மதியாத் தூங்குது."

"அந்தப் பையன் பாலிஷ் கடைக்காரனோட சண்டைக்குப் போவானே. தப்புப் பண்ணாத ஆளு."

"அதுவும் செரிதான்." அவள் மறுபடி பிழிய ஆரம்பித்தாள். "நீங்க வாயத் தொறக்குறதே அதிசயம். தொறந்தா இப்பிடித்தான்."

நான் ஊதலை எடுத்து மறுபடி ஊதினேன். புஸ். இன்னொரு தடவை. புஸ்தான். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அது அவருடைய ஊதல் என்றால் அது ஏன் ஊதவில்லை? துளையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். காற்று வந்து மோதிக் கிழிபடுகிற அந்த ஓரம் கத்திபோல இருக்க வேண்டும். வழவழவென்று உருண்டிருந்தது. என் சக்கரம் நாள் முழுக்கச் செய்கிற வேலை அதுதான், கூர்மையை எல்லாம் உருட்டிவிடும். அதன் மேல் நிக்கலும் ஏறினால் சத்தம் எங்கிருந்து வரும்? அந்த மனிதர் அதை வாய்கிட்டக் கொண்டுபோனார் என்றுதானே அந்த அம்மா சொன்னார். வாயில் வைத்து, வராமல்தானே வீசியிருக்கிறார். அது தெரியாததால் எறிந்ததா, தெரிந்ததால் எறிந்ததா?

ஓரத்தில் ஏறிய நிக்கலைச் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். சுரண்டுவதற்கு அந்த அம்மாவைக் கேட்க வேண்டும். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரி அந்த அம்மாவின் நம்பரை அழுத்திப் போனை என் கையில் கொடுத்துவிட்டு, "இது நீங்க பேச வேண்டியது" என்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். ஆனால் அங்கிருந்து பாத்திரச் சத்தமே வரவில்லை.

"அம்மா, நான் நேத்துத் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க" என்றேன். "அது அய்யாவோடதேதானுங்க."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"செரிங்க தம்பி" என்றார் கடைசியில். "அப்ப அவருக்குத் தெரியலை."

"அப்பிடிச் சொல்ல முடியாதுங்கம்மா. இப்ப அது ஊதாதுங்க. பாலிஷ்ல அதோட வாய் அடைச்ச மாதிரி ஆகிப்போச்சு. நல்லா இருந்த ஆளு ஊதினாலும் ஊதாது. நிக்கலைக் கொஞ்சம் சுரண்டினா மறுபடி ஊதும்னு நெனைக்கிறேன். ஆனா பாக்குறதுக்கு அசிங்கமாயிருமுங்க."

"அவன் ஆசையாப் போட்டுட்டு வந்ததுங்க அது" என்றார். நான் போனை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். "சுரண்டுங்க" என்றார். மகனிடம் தானே பேசிக்கொள்வதாகவும், கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

பளபளப்பு ஏற்றுவதே தொழிலாக இருந்தவனுக்கு அதை எடுப்பது புதுசு. ஊசி அரம் ஒன்றைக் கடன் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தைத் தேய்த்தேன். ஒரு இழுப்பு கூடிவிட்டாலும் துளை பெரிதாகி ஊதல் நிரந்தரமாகச் செத்துப்போகும். தேய்த்து ஊதி, தேய்த்து ஊதி, அந்த வாரத்துச் சாப்பாட்டு வேளை எல்லாம் அதிலேயே போயிற்று. முதலில் கொசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிக்கலுக்கு அடியில் பழைய பித்தளை பழுப்பாகத் தெரிந்தபோது அது குஞ்சுப் பறவை மாதிரி ஆயிற்று. வெள்ளிக்கிழமை இடுக்கில் கொஞ்சம் தேன்மெழுகு வைத்து ஊதியதும் பட்டறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி, "யாருங்க அது, போலீஸா?" என்றார்.

ஞாயிறு காலை புலியகுளம் போனோம். மகன் மதியத்துக்குத்தான் வருவதாக இருந்தது. அந்த அம்மா அன்று எங்களோடு அதிகம் பேசவில்லை. பெரியவருக்கு ராகிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். வலது கையால் அவரே டம்ளரைப் பிடித்துக் குடிப்பார். அது மட்டும் விட்டுப்போகவில்லை.

"ஊதிக் காட்டுங்க தம்பி" என்றார்.

வாழ்நாள் முழுக்க ஊதிய மனிதரின் எதிரில் நான் எப்படி ஊதுவது? போனில் பார்த்துப் பழகிய ஒன்றிரண்டு கட்டளைகள்தான் எனக்குத் தெரியும். எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "பின்னால போயி ஊதறேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். எனக்குத் தெரிந்ததில் சுலபமானது ஒன்றே ஒன்று. விரல்களை மூடி, உச்சிச் சத்தத்தை இழுத்துப் பிடித்து, சட்டென்று நிறுத்துவது. ஊதினேன். பக்கத்து வீட்டு மதில் மேல் இருந்த காக்கைகள் எழுந்தன.

உள்ளே அந்த அம்மா கத்தினார். "ஏங்க! ஏங்க! என்னாச்சுங்க உங்களுக்கு!"

நான் ஓடினேன். பெரியவர் டம்ளரைத் தூக்கிய கையோடு அப்படியே இருந்தார். டம்ளர் வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது. கண்கள் நேராக இருந்தன. இமைகூட ஆடவில்லை. தலையணையில் சரிந்து கிடந்த முதுகு, முடிந்த அளவுக்கு நிமிர்ந்திருந்தது.

"மறுபடி வாதம் வந்துருச்சா? ஆட்டோ கூப்புடட்டுங்களா?" என் வீட்டுக்காரி செருப்பைத் தேடினாள்.

"இருங்க, இருங்க" என்றேன். நான் ஊதியது 'அசையாதே' என்கிற கட்டளை. அதைக் கேட்டால் கப்பலில் யார் எங்கே என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். ஏணியில் ஏறுகிறவன் ஏணியில், தின்கிறவன் தின்கிற கையோடு. மறு ஊதல் வந்தால்தான் விடுதலை. அந்த மறு ஊதலை நான் ஊதவில்லை. பெரியவர் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஊதலை வாயில் வைத்தேன். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. புஸ். துடைத்துவிட்டு மறுபடி. புஸ். பெரியவரின் கை களைத்து டம்ளர் நடுங்க ஆரம்பித்தது. கஞ்சி விளிம்பைத் தாண்டி விரலில் வழிந்தது. ஆனாலும் அவர் கையை இறக்கவில்லை. தலை அசையாமல், கண் மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. முந்தின வாரம் நான் பார்த்த கண் இல்லை அது. பட்டறையில் மேஸ்திரி, புதிதாகச் சேர்ந்த ஆளைப் பார்க்கிற கண்.

மூன்றாவது முயற்சியில் வந்தது. முதலில் மேலே, அப்புறம் கீழே. ரொம்பக் கோணலாகத்தான் வந்தது.

பெரியவர் தோளை இறக்கினார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்க் கஞ்சியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று அந்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்.

நான் திக்கித் திக்கி விளக்கிச் சொன்னேன். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "இத்தனை வருசத்துல நான் ஒரு வார்த்தை நில்லுங்கன்னு சொன்னா ஒருநாளு நின்னிருக்காரா இந்த மனுசன்? ஒரு பீப்பிச் சத்தத்துக்குக் கஞ்சியக்கூடக் குடிக்காம நிக்கிறாரு பாரு கண்ணு!" என்று என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரி, "எல்லா ஊட்லயும் அப்பிடித்தானுங்கம்மா" என்றாள்.

மகன் வந்தபோது மணி மதியம் தாண்டியிருந்தது. களைத்துப்போன, அமைதியான ஆள். "வாங்கண்ணா" என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னார். அம்மா நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். அவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரம் சுரண்டிப் பழுப்பேறிய ஊதலைப் பார்த்தார். நம்ப வேண்டும் என்கிற ஆசையும் நம்பப் பயமும் அந்த முகத்தில் ஒருசேர இருந்தன.

"தம்பி, இன்னொரு தடவை ஊதுங்க. இவன் கண்ணால பாக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

நான் யார் சொன்னாலும் சரி என்று சொல்கிற ஆள். என் வீட்டுக்காரியும் அதைத்தான் எதிர்பார்த்து என்னைப் பார்த்தாள். ஆனால் அந்தக் கை நடுங்க நடுங்க இறங்காமல் நின்றது என் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"வேண்டாமுங்கம்மா" என்றேன். "அது கட்டளைங்க. ஊதினா அவரு நிப்பாரு, எத்தனை தடவை ஊதினாலும் நிப்பாரு. நாம பாக்குறதுக்காக அவரை நிக்க வெக்கக் கூடாதுங்க."

நான் ஊதலை மகனிடம் நீட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதை வாங்கிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம், சின்ன வயதில் தொட விட்டிருக்க மாட்டார்கள்போல, தயங்கித் தயங்கி வாயில் வைத்து ஊதினார். காற்றுகூடச் சரியாக வரவில்லை.

பெரியவர் வலது கையை நீட்டினார். எறியத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். மகனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், பிடியைத் தளர்த்திவிட்டார். பெரியவர் ஊதலை அவர் வாயிலிருந்து எடுத்து, தன் வேட்டியில் துடைத்தார். தலைகீழாக இருந்ததைத் திருப்பினார். தகடு கீழே வரும்படி மகனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி உருண்டையைச் சுற்றி மூடினார். ஒரு கையால் செய்ததால் நேரமாயிற்று. கடைசி விரல் சரியாக உட்காரவில்லை. அதைத் தட்டித் தட்டி உட்கார வைத்தார்.

மகன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த அம்மா சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். எங்களுக்கும் கிளம்ப வேண்டும்போல இருந்தது. என் வீட்டுக்காரி பையை எடுத்துக்கொண்டாள். நான் "போயிட்டு வாரேனுங்க" என்று பொதுவாகச் சொன்னேன்.

வாசல் வரைக்கும் மகன் பின்னாலேயே வந்தார். நன்றி சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் எனக்கு என்ன பதில் சொல்லத் தெரியும்?

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏண்ணா, நீங்க பெரியநாயக்கன்பாளையம்னு அம்மா சொன்னாங்க" என்றார். "அந்தப் பக்கம் பட்டறையில சொன்னா, ரெண்டு பக்கமும் கம்பி வெச்ச கட்டில் செஞ்சு குடுப்பாங்களா? தலைப்பக்கம் ஏத்தி எறக்குற மாதிரி. அம்மா தூக்க வேண்டியது இருக்கக் கூடாது."

"செய்வாங்கங்க" என்றேன்.

"இந்த ரூமுக்குள்ள நொழையணும்" என்று கதவின் அகலத்தைக் கையை விரித்து அளந்தார். நானும் மறுபக்கத்தில் நின்று கையை விரித்தேன்.